சவுக்கு வெட்டிய நிலத்தில் பிஸ்தா நடலாமா?

கேள்வி: குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் எனக்கு 2 ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் முந்திரித் தோப்பு. 2011-இல் அடித்த தானே புயலில் மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. அதன்பின் சவுக்கு வைத்தேன். அண்மையில் வெட்டி விற்றாயிற்று. அடுத்து என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் மைத்துனர் பிஸ்தா மரம் பற்றிய வீடியோ ஒன்றைக் காட்டினார். பாலைவனத்து மரம், வெயிலும் உப்புத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது, மூன்றாம் ஆண்டே காய்க்கும், விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்கிறார் கன்று விற்பவர். கன்று ஒன்று 850 ரூபாய். 2 ஏக்கருக்கு 220 கன்றுகள் வேண்டுமாம். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் மகள், கடையில் வாங்கிய பிஸ்தாவை ஈரத்துணியில் முடிந்து வைத்து முளைக்க வைத்துவிட்டாள். நான்கு செடிகள் மாடியில் நிற்கின்றன. அப்படியானால் நம் ஊரில் வரும்தானே? இன்னொன்று: அவளுடைய 6 வயது மகனுக்கு முந்திரி ஒத்துக்கொள்வதில்லை, உதடு வீங்கிவிடுகிறது. முந்திரிக்குப் பதிலாகப் பிஸ்தா கொடுக்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிலம் காத்திருக்கும், பேரன் விஷயம் காத்திருக்கக் கூடாது.

கொடுக்காதீர்கள். முந்திரியும் பிஸ்தாவும் பங்காளிகள். மா, முந்திரி, சேராங்கொட்டை, வேலியோரத்தில் நிற்கும் ஒதிய மரம் எல்லாம் சேர்ந்த அனகார்டியேசி என்ற குடும்பத்தில்தான் பிஸ்தாவும் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குள்ளும் முந்திரிப் பருப்பின் புரதங்களும் பிஸ்தாப் பருப்பின் புரதங்களும் மிக நெருக்கமானவை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒத்துக்கொள்ளாது. நிலக்கடலை இதில் சேராது. அது பயறு வகை, அதன் ஒவ்வாமை தனிக் கதை. நான் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்தவன், மருத்துவன் அல்லன். ஆகவே வீட்டில் ஒரு பருப்பைக் கொடுத்துப் பார்க்கிற சோதனையெல்லாம் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உதடு வீங்கியது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அதுவரை கேக், குல்பி, ஐஸ்கிரீம், பால் இனிப்புகள் எதிலும் மேலே தூவியிருக்கும் பச்சைச் சீவலைக் கவனிக்கட்டும். மலிவான கடைகளில் அந்தச் சீவல் பச்சைச் சாயம் ஏற்றிய மல்லாட்டையாக (நிலக்கடலையாக) இருப்பதும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் சாயம் பிரிந்து வரும்.

முந்திரித் தோப்பில் கொட்டை உடைக்கும்போது பால் பட்டுக் கை வெந்துபோகிறதே, அதையும் இந்த ஒவ்வாமையையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது; யாருக்கும் வரலாம். பேரனுக்கு வருவது பருப்பின் புரதத்தால்.

இனி நிலம். நட வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் கன்று விற்பவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும், எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். பாலைவனத்து மரம் என்றது உண்மை. வெயில் தாங்கும் என்றது உண்மை. உப்புத் தண்ணீர் தாங்கும் என்றதும் உண்மைதான். பழ மரங்களிலும் கொட்டை மரங்களிலும் உவர்ப்பைப் பிஸ்தா அளவுக்குப் பொறுத்துக்கொள்பவை மிகக் குறைவு. சொல்லாமல் விட்ட ஒன்றில்தான் உங்கள் 1,87,000 ரூபாய் போகப் போகிறது.

அந்த ஒன்று குளிர்.

பிஸ்தா என்றதும் நமக்கு ஈரானும் வெயிலும் நினைவுக்கு வருகின்றன. ஈரானில் பிஸ்தாவுக்குப் பேர்போன ரஃப்சன்ஜான் வட்டாரம் கெர்மான் மாகாணத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கோடையில் 40 டிகிரி கொளுத்தும். குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். துருக்கியின் காசியான்டெப், ஆப்கானிஸ்தானின் பாத்கீஸ், கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கு எதை எடுத்தாலும் இதே கதைதான்: நீண்ட, வறண்ட, கடுமையான கோடை, அதன் மறுபக்கத்தில் உண்மையான குளிர்காலம். வீடியோ எடுப்பவர்கள் கோடையில்தான் போகிறார்கள், குலை தொங்குவது அப்போதுதானே.

இலையுதிர்ந்தபின் இந்த மரத்தின் மொட்டுகள் உறக்கத்துக்குப் போகின்றன. அவை தானாக விழிப்பதில்லை. ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே குறிப்பிட்ட மணி நேரம் கழிந்தால்தான் விழிக்கும். கலிபோர்னியாவில் மிகுதியாக நடப்பட்டிருக்கும் கெர்மான் என்ற ரகத்துக்கு 700 முதல் 1,000 மணி நேரம் வரை கணக்குச் சொல்வார்கள். குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்கள் என்று சொல்லப்படுபவற்றுக்கும் சில நூறு மணி நேரம் வேண்டும். கடலூரில் மார்கழி, தை மாத விடியற்காலை சராசரியாக 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது. போர்வை தேடுகிறோம்தான்; ஆனால் பிஸ்தா மொட்டின் கணக்கில் அது பூஜ்யம் மணி நேரம். 700-க்கு 500 இருக்கிறது, ஏதாவது செய்து மீதியைச் சரிக்கட்டலாம் என்ற நிலைமைகூட இல்லை.

குளிர் போதாமல் போனால் மரம் செத்துவிடாது. அதுதான் ஏமாற்றத்தை நீட்டிக்கிறது. பழைய சம்பா ரகத்தைச் சித்திரையில் விதைத்தால், பகல் குறுகும் ஐப்பசி வரை கதிர் வராமல் பச்சையாகவே நிற்குமே, அதைப்போல இதுவும் தழைக்கும், கிளைக்கும், காத்திருக்கும். சம்பாவுக்காவது ஐப்பசி வந்துவிடும். இதற்கு நம் ஊரில் குளிர்காலம் வரப் போவதில்லை. ஒரு கிளையில் இலை வரும், இன்னொன்று மொட்டையாக நிற்கும். பூ வந்தாலும் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் பூக்காது.

ஆண், பெண் என்று சொன்னேன். பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, பனையைப் போலத்தான். பூவுக்கு இதழும் கிடையாது, தேனும் கிடையாது. தேனீ எட்டிப் பார்க்காது. மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் என்ற அளவிலாவது தோப்பில் இருக்க வேண்டும். அதுவும் பெண் பூத்திருக்கும் அந்தச் சில நாள்களில் ஆணும் பூத்திருக்க வேண்டும். உங்களிடம் 220 கன்றுகளுக்கு விலை சொன்னவர் இதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

குளிர் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவே ஓர் ஆண்டு காட்டிக் கொடுத்தது. 2014-15 குளிர்காலம் அங்கே வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. பள்ளத்தாக்கை மூடும் பனிமூட்டமும் போதவில்லை. ஆண் மரமும் பெண் மரமும் நேரம் தவறிப் பூத்தன. 2015 அறுவடையில் மகசூல் முந்திய ஆண்டில் ஏறத்தாழ பாதிக்கு விழுந்தது. குலைகள் தொங்கின, உடைத்துப் பார்த்தால் உள்ளே பருப்பு இல்லை. அமெரிக்கப் பிஸ்தாவில் கிட்டத்தட்ட எல்லாமே விளைகிற மாநிலம், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பக்கத்திலேயே இருக்கிற இடம். குளிர் குறையும் ஆண்டுகளில் மொட்டை எழுப்ப எண்ணெய்த் தெளிப்பெல்லாம் செய்கிறார்கள். அது இருக்கிற குளிரோடு கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். இல்லாத குளிரை உண்டாக்காது. உங்கள் விற்பனையாளர் ‘மருந்து அடித்தால் பூக்கும்’ என்று அடுத்த முறை சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பருப்பு இல்லாத குலை என்பது பிஸ்தாவில் ஒரு விசித்திரம். வீடியோ பார்த்து நிலம் நிரப்ப நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தக் காய் முதலில் ஓட்டைக் கட்டி முடிக்கிறது. கலிபோர்னியாவில் மே மாதத்திலேயே ஓடு முழு அளவுக்கு வந்துவிடும். உள்ளே பருப்பு வளரத் தொடங்குவதே ஜூன் பின்பாதியில்தான். மகரந்தம் சரியாகச் சேரவில்லை, மரத்துக்குச் சத்துப் போதவில்லை என்றால் ஓடு ஓடாகவே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பருப்பு நன்றாகப் பருத்தால் அது உள்ளிருந்து தள்ளி, மரத்திலேயே ஓடு வாய் பிளக்கிறது. கடையில் வாங்கும் பிஸ்தாவின் திறந்த வாய் பெரும்பாலும் எந்திரம் திறந்தது அல்ல. ஆகவே நம் பக்கத்தில் எங்கோ ஒரு பிஸ்தா மரத்தில் குலை தொங்குகிறது என்று யாராவது படம் காட்டினால், பத்துக் காயை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் ஆண்டுக் காய்ப்பு என்பது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. உகந்த இடத்திலேயே, நல்ல ஒட்டுக்கன்று வைத்தாலும், முதல் காய் பார்க்க 5 முதல் 7 ஆண்டுகள். சொல்லிக்கொள்ளும்படியான மகசூலுக்குப் பத்து ஆண்டுகள் தாண்ட வேண்டும். அதன்பிறகும் ஓர் ஆண்டு கொட்டும், அடுத்த ஆண்டு கையை விரிக்கும். மாவில் இதே பழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்தாவில் காரணம் கொஞ்சம் வேறு: காய் நிறையப் பிடித்த ஆண்டில் அடுத்த ஆண்டுக்கான பூ மொட்டுகளை மரமே உதிர்த்துவிடும். சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் இருக்கும் பிரோன்டே என்ற ஊரில் இந்தப் பழக்கத்தோடு சமாதானம் செய்துகொண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடையே செய்கிறார்கள். நன்றாக வாழ்ந்தால் நூறு ஆண்டுக்கு மேலும் நிற்கும் மரம் என்பதால் அவர்களுக்கு அவசரம் இல்லை.

சரி, குளிரை மறந்துவிடுவோம். ஏதோ மாயத்தால் மொட்டு விழித்தது, பூத்தது, காய்த்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது மழை. ரஃப்சன்ஜானில் ஆண்டு முழுவதும் பெய்வது 100 மில்லிமீட்டர் அளவு. நமக்கு ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் பெய்தது. ரஃப்சன்ஜானுக்கு நான்கைந்து ஆண்டுக் கணக்கு! அடுத்த நாள்களில் தென்பெண்ணை கரை புரண்டு கடலூர்ப் பகுதியில் தண்ணீர் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிஸ்தா உப்பைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும். வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. வேரழுகல் வரும். உங்கள் செம்மண் மேட்டில் தண்ணீர் வடிந்துவிடும் என்பீர்கள். வடியட்டும், காற்றின் ஈரம் வடியாது. இலையிலும் காய்க்குலையிலும் பூசணக் கருகல் பிடிக்க அதுவே போதும்.

ஓடு பிளந்து அறுவடைக்கு வரும் மாதங்கள் ஆகஸ்ட், செப்டம்பர். நமக்கு அது மாலையில் இடி இடித்து மழை பெய்கிற காலம். வாய் திறந்த காய் நனைந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம் உள்ளே போய் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கடலையிலும் வருகிற அதே நஞ்சுதான். பாலைவனத்து ஈரானுக்கே இதனால் சங்கடம் வந்திருக்கிறது: 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானியப் பிஸ்தா இறக்குமதியைச் சில காலம் தடை செய்தது இந்த நஞ்சுக்காகத்தான். பறித்த காயின் மேல்தோலை ஒரு நாளுக்குள் உரித்து, உடனே உலர்த்த வேண்டும். தாமதித்தால் ஓட்டில் கறை ஏறி விலை போகாது. அதற்கான உரிப்பு ஆலை உங்களுக்கு எட்டிய தூரத்தில் எங்கே இருக்கிறது? ‘விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்வோம்’ என்பது விளையாத பொருளுக்குக் கொடுக்கிற வாக்குறுதி. அதைக் காப்பாற்ற அவருக்குச் செலவே கிடையாது.

ஊட்டியில், கொடைக்கானலில் நடலாமே என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். அங்கே கொஞ்சம் குளிர் உண்டு. பருப்பு முற்ற வேண்டிய மாதங்களில் கொளுத்துகிற வறண்ட வெயில் இல்லை, மழையும் மேகமும்தான். நம் நாட்டில் பிஸ்தாவைப் பற்றிப் பேச இடமுண்டு என்றால் அது காஷ்மீர், இமாசலப் பக்கம்தான். அங்கும் இன்னும் பெரிய சாகுபடியாக வளரவில்லை. நாம் தின்பதெல்லாம் ஈரானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வருவது.

மகளின் மாடிச் செடிகளுக்கு வருகிறேன். முளைத்ததில் வியப்பில்லை. வறுக்காத, உப்புப் போடாத பிஸ்தா கிடைத்திருக்கிறது, விதையில் உயிர் இருந்திருக்கிறது. விதை முளைப்பது ஒரு வேலை, மரம் பூப்பது வேறு வேலை. முதலாவது நடந்ததால் இரண்டாவதும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தவிர, விதையிலிருந்து வரும் செடிகளில் ஏறத்தாழ பாதி ஆணாகப் போகும். எது ஆண், எது பெண் என்று தெரியப் பூக்கும் வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தாய் மரத்தின் குணமும் அப்படியே வராது.

ஒரு விதை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஒரு கதை உண்டு, மகளுக்குச் சொல்லுங்கள். 1929-இல் வில்லியம் வைட்ஹவுஸ் என்ற அமெரிக்கத் தாவர ஆய்வாளர் பாரசீகத்துக்குப் போய், தோப்பு தோப்பாகவும் கடைத்தெரு கடைத்தெருவாகவும் அலைந்து, அடுத்த ஆண்டு சுமார் 9 கிலோ பிஸ்தா விதையோடு திரும்பினார். கலிபோர்னியாவின் சிக்கோ நகரத்து ஆய்வுத் தோட்டத்தில் அவற்றை முளைக்க வைத்து, ஆயிரக்கணக்கான கன்றுகளிலிருந்து கழித்துக் கழித்து, கடைசியில் ரஃப்சன்ஜான் பகுதி விதை ஒன்றிலிருந்து வந்த மரத்தைத் தேர்ந்தார்கள். அதற்குக் கெர்மான் என்று பெயர் வைத்து 1957-இல்தான் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே வணிக அளவில் முதல் அறுவடை 1976. குளிரும் வெயிலும் பொருந்திய இடத்திலேயே விதையிலிருந்து சந்தைக்கு வர 45 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் ஊரில் எந்த ஆய்வு நிலையமும் பரிந்துரைக்காத பயிரை 2 ஏக்கரில் நேரடியாக வைத்துப் பார்க்கச் சொல்கிறவருக்கு இந்தக் கதையை நீங்களும் சொல்லலாம்.

மாடிச் செடிகளைப் பிடுங்க வேண்டாம். ஆணிவேர் ஆழமாகப் போகும் என்பதால் உயரமான தொட்டி வேண்டும். மணல் கலந்த மண், அடியில் நல்ல வடிகால், மண் காய்ந்தபிறகே தண்ணீர். மழைக்காலத்தில் தொட்டியை மழை படாத இடத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். தண்டருகே ஐஸ் கட்டி போடுவது, தொட்டியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது பற்றியெல்லாம் சிலர் ஆர்வமாகப் பேசுகிறார்கள். 700 மணி நேரம் என்றால் இரவு பகல் விடாமல் 29 நாள். 1,000 என்றால் 42 நாள். குளிர வேண்டியது வேர் அல்ல, கிளை நுனியில் இருக்கும் மொட்டு. மாடியில் நான்கு அழகான இலைச்செடிகள் இருக்கின்றன என்ற அளவில் மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு மரத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குழந்தைகளின் இருமலுக்கு நாட்டு மருந்துக் கடையில் கற்கடகசிங்கி கேட்டு வாங்குவோமே, கொம்பு மாதிரி வளைந்து, உள்ளே பொள்ளலாக இருக்கும். அது காயும் அல்ல, வேரும் அல்ல. இமயமலை அடிவாரத்தில் வளரும் பிஸ்டாசியா இன்டெஜெரிமா என்ற மரத்தின் இலையில் பூச்சிகள் கூடு கட்டியதால் உண்டாகும் புடைப்பு. அந்த மரத்தைத்தான் கலிபோர்னியாக்காரர்கள் கொண்டுபோய்ப் பிஸ்தாவை மேலே ஒட்டுக்கட்டுவதற்கான வேர்ச்செடியாக வைத்தார்கள், மண்ணிலிருந்து வரும் வாடல் நோயை அது தாங்குவதால். இப்போது அதையும் வேறொரு காட்டுப் பிஸ்தாவையும் கலந்த கலப்பின வேர்ச்செடியும் புழக்கத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கன்று விற்பவர் ஒட்டுக்கன்று என்கிறார் என்றால் எந்த வேர்ச்செடியில் எந்த ரகத்தை ஒட்டியது என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால், 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இருக்க வேண்டும். அவற்றின் நகலைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் அவர் கன்று கொடுத்து, காய் பறித்து, பருப்பு எடுத்த ஒரு தோப்பின் முகவரியையும் கேளுங்கள். முகவரி கொடுத்தால் நானும் உங்களோடு வரத் தயார், பஸ் டிக்கெட் என் செலவு.

அப்படியானால் 2 ஏக்கரில் என்ன வைப்பது? முந்திரியைத் திரும்பவும் வையுங்கள் என்றுதான் சொல்வேன். தானே புயலில் விழுந்த மரங்களைப் பார்த்தபின் மனம் ஒப்பவில்லை என்பது புரிகிறது. அந்த ஆண்டு பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் கிடந்த கோலத்தைப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் புயல் பிஸ்தா மரத்தை விட்டுவைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வந்துவிடும், வீடியோக்காரர் பிஸ்தாவுக்குச் சொன்ன அதே மூன்றாம் ஆண்டு. குளிர் கேட்காது, மானாவாரியில் வரும். கொட்டையை வாங்கப் பண்ருட்டியில் ஆளிருக்கிறார்கள். உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தருவித்து உடைக்கிற ஊர் அது; உங்கள் விளைச்சலுக்குச் சந்தை தேட வேண்டியதில்லை.

விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரகம் நம் செம்மண்ணுக்குப் பழகியது. கொட்டையில் பருப்பு 29 சதவீதத்தை ஒட்டி இருக்கும், பருப்பும் பெரிது. ஒட்டுக்கன்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள்; சாலையோரத்தில் ‘வி.ஆர்.ஐ.’ என்று அட்டை கட்டி விற்பதையெல்லாம் நம்ப வேண்டாம். 7 மீட்டருக்கு 7 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 80 கன்றுகள் சொச்சம். 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்று அடர் நடவு செய்தால் ஏக்கருக்கு 200 வரை பிடிக்கும். முதல் பத்து ஆண்டுகளுக்கு அது நல்ல மகசூல் தரும்; பிறகு கிளைகள் மோதும்போது கவாத்து செய்யவோ ஒன்றுவிட்டு ஒன்றை எடுக்கவோ மனம் வேண்டும். உங்களுக்கு அந்த மனம் இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நன்றாகக் காய்க்கும் மரத்தில் கத்தி வைக்க நம் ஆள்கள் பலருக்குக் கை வருவதில்லை.

சவுக்குக் கட்டைகளை வேரோடு எடுத்துவிட்டு நடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிக் குழி, தொழுவுரம், ஆடி மழைக்குப் பின் நடவு. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் ஒட்டு போய் வேர்ச்செடி மரமாகிவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் பூவையும் எடுத்துவிடுங்கள். மார்கழிக்குப் பின் தளிரும் பூவும் வரும்போது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடிமரத்தில் மரத்தூள் கொட்டியிருந்தால் தண்டு துளைப்பான். இடையில் மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் கடலையோ உளுந்தோ போட்டுக்கொள்ளலாம். பிஸ்தாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதிகூட இதற்கெல்லாம் ஆகாது.

முன்பணம் 5,000-க்கு ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால், கன்று வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரவும் என்று விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள்; நகல் உங்களிடம் இருக்கட்டும். ரசீது இல்லை, கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பினீர்கள் என்றால் அந்தப் பரிவர்த்தனைக் குறிப்பே சான்று. மூன்றாம் ஆண்டே காய்ப்பு என்று அவர் அனுப்பிய செய்தியையும் வீடியோவையும் அழித்துவிடாதீர்கள். தரவில்லை என்றால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இந்தத் தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். மைத்துனரோடு மட்டும் மனக்கசப்பு வேண்டாம், அவர் நல்லெண்ணத்தில்தான் காட்டியிருப்பார். அவரும் கன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். கட்டியிருந்தால் மனுவில் இருவர் பெயரும் வரட்டும்.